இருப்பிடம் சொல்லாதவர்

எங்கள் ஆபீசில் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அவர். யார் எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல்கிற ஒரே ஆளும் அவர்தான். நாங்களெல்லாம் தெரியாததைக்கூடத் தெரிந்த மாதிரி சொல்லிப் பழகியவர்கள். அதனால் அவரோடு ஒத்துப்போக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஆபீஸ் திருச்சி கே.கே. நகரில் இருந்தது. படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் நிறுவனம். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிரித்துப் போடுவது என் வேலை. அந்த நர்ஸுகள் கையில் நிறுவனம் கொடுத்திருக்கும் போன்கள், தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டைக் கிளைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் திருச்சியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்வது அவர் வேலை. கரூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி போனைத் தொலைத்துவிட்டு அழுதால், இவர் நாற்காலியை விட்டு எழாமலே அதைப் பூட்டுவார். தேவைப்பட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து அழிப்பார். அவருடைய திரையில் ஒரு வரைபடம் உண்டு. ஒவ்வொரு போனுக்கும் ஒரு புள்ளி. புள்ளியைத் தொட்டால் பெயரும் தெருவும் வரும்.

பார்க்க விசேஷமான ஆள் இல்லை. ஒல்லி. சட்டையை இன் பண்ணிக்கொண்டு வருவார், டீ வருவதற்குள் ஒரு பக்கம் வெளியே தொங்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். காவிரிப் பாலத்தில் எத்தனை நெரிசல் இருந்தாலும் அதை ஒரு காரணமாகச் சொன்னதில்லை. "லேட்டாயிடுச்சுங்க" என்பார், உட்காருவார். எதற்கும் விளக்கம் சொல்லாத மனிதர். எனக்கு அது திமிராகத்தான் பட்டது.

ஒரு நாள் எங்கள் எம்.டி.யின் மனைவி இவருக்குப் போன் செய்தார். எம்.டி. கையில் இருப்பதும் கம்பெனி போன்தானே. இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஏதோ வயரைச் செருகிக்கொண்டிருந்தார். அதனால் எனக்கும் கேட்டது.

"உங்க சார் எங்கங்க இருக்காரு? எத்தனை தடவை அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கறாரு."

"தெரியாதுங்க மேடம்."

"உங்க கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியும்னு அவரே சொல்லியிருக்காரே?"

"போன் நல்லா இருக்குங்க மேடம். சார்ஜ் இருக்கு. அவ்வளவுதாங்க நான் சொல்ல முடியும்."

எம்.டி. சீட்டாடப் போயிருக்கிறார் என்பது ஆபீஸ் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அன்று சாயங்காலம் எம்.டி. வந்து இவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே, காலேஜுக்குப் போகிறேன் என்று கிளம்பிய மகன் எங்கே சுற்றுகிறான் என்று எம்.டி.க்குச் சந்தேகம். அவனிடமும் ஒரு கம்பெனி போன் இருந்தது. இவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "தெரியாதுங்க சார்" என்று பதில் வந்தது. முதுகில் தட்டிய கை இப்போது மேஜையில் தட்டியது. "அப்ப உனக்கு எதுக்குய்யா நான் சம்பளம் குடுக்கறேன்?" என்ற சத்தம் என் சீட் வரைக்கும் கேட்டது.

வெளியே வந்தவரிடம் நான் கேட்டேன். "மகன் எங்கன்னு அப்பா கேக்கறாரு. இதுல என்ன சார் தப்பு? நல்ல காரணம்தானே?"

"எல்லாருக்கும் நல்ல காரணம்தாங்க மேடம் இருக்கும். கெட்ட காரணத்தோட வந்து கேட்டவங்கள நான் பாத்ததே இல்ல" என்றார்.

அவர் வேலை செய்யும் விதமும் இப்படித்தான். தூரத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சொடுக்கில் திரை இங்கே வந்துவிடும். இவருக்கு முன்பு இருந்த பையன் அப்படித்தான் நுழைவான், மற்றவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று எங்களிடம் கதையும் சொல்வான். இவர் முதலில் போன் செய்வார். "சொந்த போட்டோ, வாட்ஸ்அப் ஏதாச்சும் திறந்திருந்தா மூடிருங்க. மூடிட்டு சொல்லுங்க, உள்ள வர்றேன்." வேலை முடிந்ததும், "வெளிய வந்துட்டேங்க" என்பார். புதுக்கோட்டையில் கணக்கு எழுதும் பெரியவர், இவர் உள்ளே வருகிறேன் என்றதும் கம்ப்யூட்டரைப் பார்த்து, "வாங்க சார், வாங்க" என்று எழுந்து நிற்பாராம். கிளையில் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு தடவை தஞ்சாவூர் நர்ஸ் ஒருத்தியின் போனைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவளுக்கு வீட்டிலிருந்து ஏதோ செய்தி வந்து திரையில் விரிந்தது. இவர் சட்டென்று முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"இங்க முகத்தைத் திருப்பினா தஞ்சாவூர்ல அவளுக்கா தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுதுங்களே மேடம்."

இதையெல்லாம் கேட்டால் பிறவியிலேயே இப்படி என்று தோன்றும். அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் நன்றாகப் பேசுவார். கேட்டதற்கு மேலேயே சொல்வார். நர்ஸ் கிளம்பிவிட்டாளா என்று நான் கேட்டால், "திருவானைக்காவல் தாண்டிட்டாங்க மேடம், சிக்னல்ல நிக்கறாங்க" என்று உற்சாகமாகச் சொல்வார். உதவி செய்வதில் அவ்வளவு ஆசை.

அந்தச் சமயத்தில்தான் செல்வராணியின் புருஷன் வந்தான். செல்வராணி எங்கள் நர்ஸ்களில் ஒருத்தி. வேலையில் கெட்டிக்காரி. பேச்சு குறைவு. அவன் வெளுத்த சட்டையும் திருநீறுமாக, கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். என்னிடம்தான் முதலில் கேட்டான். நான் போனில் இருந்ததால் கையைக் காட்டி இவரிடம் அனுப்பினேன்.

"சார், வீட்டுச் சாவி அவகிட்ட மாட்டிக்கிச்சு. குழந்தை ஸ்கூல்லேருந்து வந்து வாசல்லயே நிக்குது. அவ போனை எடுக்க மாட்டேங்கறா."

"டூட்டில எடுக்க மாட்டாங்கங்க. இருங்க பாக்கறேன்" என்று இவர் திரையை அவன் பக்கம் திருப்பியே காட்டினார். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. எந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டும், எங்கே ஒருவழிப்பாதை என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அது தன் ஊர் அல்லவா. அவன் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். "பாவம், குழந்தை வெயில்ல நிக்குது" என்று இவர் என்னிடம் சொன்னார்.

அவர்களுக்குக் குழந்தையே கிடையாது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் மூன்று நாட்களுக்கு முன்பே வீட்டை விட்டு வந்து தோழி ஒருத்தியோடு தங்கியிருந்தாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவன் அந்த வீட்டுக்குள் போய் ஹெல்மெட்டாலேயே அவள் முகத்தில் அடித்திருக்கிறான். பக்கவாதம் வந்து கட்டிலில் கிடந்த பெரியவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவரால் கத்தவும் முடியவில்லை. அந்த வீட்டுப் பெண் கடையிலிருந்து திரும்பி வந்து பார்த்துவிட்டு எனக்குத்தான் போன் செய்தாள். என்ன சொல்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

இவரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாடையில் கட்டுப் போட்டிருந்தார்கள். பேச முடியாது. இவர் கட்டில் அருகில் நின்று, "நான்தாங்க சொன்னேன்" என்றார். அவள் இவரைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அன்றோடு அவர் பேச்சு நின்றது.

செல்வராணி தாடை சேர்ந்து வேலைக்குத் திரும்பி வந்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. திருவானைக்காவலில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்ந்தாள். அவன் உள்ளே போய்விட்டு வெளியே வந்தான். இனி வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தான் என்றார்கள். எழுதிக் கொடுத்தவன் வாரத்துக்கு ஒரு முறை எங்கள் ஆபீஸுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். பிறகு கொஞ்ச காலம் காணோம். நாங்களும் மறந்த மாதிரி இருந்தோம். இவர் மட்டும் ஆபீஸ் விட்டதும் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அந்த டீக்கடையை ஒரு பார்வை பார்ப்பார்.

எம்.டி.க்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. வரவேற்பறையில் பெரிய டிவி மாட்டி, அதில் அந்த வரைபடத்தைப் போட வேண்டும். நர்ஸ் கேட்டு வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். ஊரெங்கும் எங்கள் புள்ளிகள் ஓடுவது தெரிய வேண்டும். பெயரைத் தொட்டால் தெரு, வீடு வரைக்கும் தெரிய வேண்டும்.

இவர் அறைக்குள் போய்ப் பேசினார். நானும் கூடப் போனேன்.

"வேண்டாங்க சார். உள்ள வேணும்னா வெச்சுக்கலாம். வெளிய வேண்டாம்."

"யோவ், இதுதான்யா நம்ம பிசினஸே. அப்பா அம்மாவை ஆஸ்திரேலியால இருந்துகிட்டு நம்மள நம்பி விடறான். அவனுக்குக் காட்ட வேண்டாமா?"

"செல்வராணியோட போனை மட்டுமாவது எடுத்துடறேங்க."

"ஒருத்திக்காக சிஸ்டத்தை மாத்த முடியாது. இன்னைக்கு அவ, நாளைக்கு இன்னொருத்தி வருவா. பயமா இருந்தா வேலையை விட்டுட்டுப் போகச் சொல்லு."

வேலையை விட்டால் விடுதிக்கு எதைக் கொடுப்பாள் என்று நான் ஆரம்பித்தேன். எம்.டி. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதற்கு அர்த்தம், எழுந்து போங்கள் என்பது.

டிவியை இவரே மாட்டினார். புள்ளிகளும் ஓடின. சில நாள் கழித்து நான் அதைக் கவனித்தேன். செல்வராணியை நான் போட்டிருந்தது வயலூர் ரோட்டில் ஒரு வீட்டில். அவள் புள்ளி காலையிலும் ஸ்ரீரங்கத்தில் இருந்தது, மாலையிலும் ஸ்ரீரங்கத்தில் இருந்தது. அசையவே இல்லை. கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு தெரு. அந்தத் தெருவில்தான் இவர் வீடு என்பது எனக்குத் தெரியும்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கேட்டேன்.

"என்ன சார் இது?"

அவர் தயிர்சாதத்தை மூடி வைத்தார். "அவங்க கையில இருக்கற போன்ல லொகேஷனே வராதுங்க மேடம், நிறுத்திட்டேன். ஒரு பழைய போனை அவங்க பேர்ல சேத்து என் வீட்டு அலமாரில வெச்சிருக்கேன். அந்தப் புள்ளி அங்கயே இருக்கட்டும். நீங்க ரிஜிஸ்டர்ல ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுல நிரந்தர டூட்டின்னு போட்டுருங்க. நிஜமா எங்க அனுப்பறீங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க."

"உங்களுக்கே தெரியாம எப்படி?"

"எனக்குத் தெரியாம இருக்கறதுதாங்க நல்லது."

"ஆபீஸ்லயே ஒரு டிராயர்ல வெக்கக் கூடாதா?"

"புள்ளி ஆபீஸ்ல நின்னா டூட்டிக்குப் போகலையான்னு சார் கேப்பாரு. வேற யார் வீட்டுலயாச்சும் வெச்சா அவங்களுக்கு வம்பு. நாளைக்கு அவன் தேடிக்கிட்டு வந்தான்னா?"

"உங்க வீட்டுக்கு வந்தா?"

"நான்தானேங்க அன்னைக்கு வழி சொன்னேன்" என்றார்.

இப்படி ஒரு மனுஷனா என்று நினைத்தேன். கூடவே அவர் மனைவியின் நினைவும் வந்தது.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"எதுக்குங்க? பயப்படுவாங்க."

அவர் மனைவியை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க பஸ் ஏறி ஆபீஸுக்கு வந்திருந்தார். கலகலப்பான பெண். கல்யாணப் பிளவுஸ்களில் ஆரி வேலை செய்து கொடுப்பவர். மணியும் ஜரிகையும் கோத்து ஊசியால் குத்திக் குத்தி எடுக்கிற வேலை, ஒரு பிளவுஸுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார். "ஆபீஸ்லயாச்சும் வாயைத் திறக்கறாராங்க?" என்று என்னிடம் கேட்டார். "கடைக்குப் போறேம்பாரு. எந்தக் கடைன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. திரும்பி வந்து பையப் பாத்துதான் நான் கண்டுபிடிக்கணும்." இவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருப்பது வீட்டில் ஒரு வேடிக்கையாக இருந்தது அப்போது.

அலமாரியில் வந்து உட்கார்ந்த போனைப் பற்றி மனைவி கேட்டிருக்கிறார். எங்கள் போன்களில் பூட்டிய திரையிலேயே கம்பெனி பெயரும் ஊழியர் பெயரும் தெரியும். தொலைந்தால் எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்கட்டும் என்று இவரே செய்த ஏற்பாடு அது. "செல்வராணி யாருங்க?" என்று கேட்டதற்கு, "ஆபீஸ்ல ஒரு ஸ்டாஃப். போன் எப்பவும் ஆன்ல இருக்கணும், பாத்துக்க" என்று சொல்லியிருக்கிறார். வேறு ஒரு பெண்ணாக இருந்தால் சண்டை பிடித்திருப்பாள். இந்த அம்மாள் சார்ஜ் போட்டார். தூசி துடைத்து வைத்தார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றினார். வீட்டுக்கு விருந்து வந்த பிள்ளையைப் போல அதைப் பார்த்துக்கொண்டார். மாதக்கணக்கில் அந்தப் புள்ளி அணையாமல் இருந்ததற்கு அவர்தான் காரணம்.

செல்வராணியின் புருஷன் மறுபடி எங்கள் ஆபீஸுக்கு வந்த அன்று நான் கரூர் கிளைக்குப் போயிருந்தேன். வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண். அவளுக்கு அவனைத் தெரியாது. அம்மாவுக்கு நர்ஸ் வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறான். எம்.டி. சொல்லிக்கொடுத்தபடி அவள் டிவியைக் காட்டியிருக்கிறாள். "பாருங்க சார், எங்க ஸ்டாஃப் ஒவ்வொருத்தரும் எங்க இருக்காங்கன்னு லைவா தெரியும். நீங்க வீட்டுலேருந்தே செக் பண்ணிக்கலாம்." வரிசையாகப் பெயர்களைத் தொட்டும் காட்டியிருக்கிறாள். ஸ்ரீரங்கத்துப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று அவன் கேட்டானாம், அவள் செல்வராணியின் புள்ளியைத் தொட்டுக் காட்டினாளாம். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்ன வேலையைச் செய்தாள்.

பட்டப்பகல். இவர் ஆபீஸில் இருந்தார். மனைவி ஜன்னலோரம் ஆரிச் சட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஹெல்மெட்டோடு ஒருவன்.

"செல்வராணி இங்கதான இருக்கா?"

அந்த அம்மாளுக்குத் தெரிந்த செல்வராணி அலமாரியில் இருக்கும் போன் ஒன்றுதான். ஆபீஸிலிருந்து அதை வாங்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தாராம். "ஆமாங்க, இருங்க, எடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போய், சார்ஜரையும் வயரையும் சுருட்டி, போனோடு சேர்த்துக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்திருக்கிறார். சொல்லும்போது, "ஒரு கவர்ல போட்டு வேற குடுத்தேங்க" என்றார் என்னிடம். திரையில் பெண்டாட்டி பெயரைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

"அவ எங்க?"

"அவங்க இங்க இல்லீங்களே. எனக்குத் தெரியாதுங்க."

அதற்கு மேல் நடந்ததை நான் எழுத மாட்டேன். அந்த அம்மாளுக்கு இடது கண் போய்விட்டது.

அக்கம்பக்கத்துக்காரர்கள் அவனைத் துரத்திப் பிடித்தார்கள். போலீஸ் வந்தது. அவன் மறுபடியும் உள்ளே போனான். எப்போது ஜாமீன் கிடைக்கும் என்பதுதான் எல்லார் வாயிலும் பேச்சாக இருந்தது. எம்.டி. வேறொரு பேச்சைப் பேசினார். "சிஸ்டத்துல பொய் டேட்டாவைப் போட்டான். உண்மையைப் போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?" உண்மையைப் போட்டிருந்தால் செல்வராணி செத்திருப்பாள் என்று நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அதற்கும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். டிவி மட்டும் அன்றே கழற்றப்பட்டது. இவரை வேலையை விட்டு நீக்கியதும் அன்றேதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அவர் பையிலிருந்த கம்பெனி போன் தானாக அணைந்து, தானாக எழுந்து, புது போன் மாதிரி மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. யாரோ ஆபீஸில் உட்கார்ந்து அதைத் துடைத்துவிட்டார்கள்.

"சுத்தமா பண்ணியிருக்காங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். "ஆபீஸ்ல சேத்துருங்க மேடம்."

செல்வராணி அன்று என்னோடுதான் வந்திருந்தாள். அறைக்குள் போனதும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சொட்டு மருந்து சரியாக இறங்குகிறதா என்று பார்த்தாள். தலையணையைச் சரிசெய்தாள். அந்த அம்மாள் கட்டுப் போடாத கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"நீதானா அது?"

"ஆமாங்கக்கா."

"கிட்ட வா." அவள் குனிந்தாள். அந்த அம்மாள் கையை நீட்டி அவள் கோணல் தாடையைத் தொட்டார். "இதுவும் அவன் அடிச்சதா?"

செல்வராணி தலையை ஆட்டினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

"அழாத. இப்ப எங்கம்மா தங்கியிருக்க? அதே ஹாஸ்டலா?"

"இல்லக்கா, மாறிட்டேன். இப்ப..."

"சொல்லாதீங்க" என்றார் இவர்.

அறையில் எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"எனக்குமா சொல்லக் கூடாது?" என்றார் மனைவி.

"யாருக்கும்தான்."

அந்த அம்மாளின் குரல் உயரவில்லை. "அன்னைக்கு அவன்கிட்ட தெரியாதுன்னுதாங்க சொன்னேன். பொய் சொல்லல. எனக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாது. யார் அவ, எதுக்கு அந்தப் போனு, யார் வருவா, ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா கதவைத் திறந்திருப்பேனா? வெச்சுக்க வேண்டாம்னு நான் சொல்லியிருக்க மாட்டேங்க. ஒரு தாழ்ப்பாளாவது போட்டிருப்பேன்."

இவர் மேல் எனக்கு அந்த நிமிஷம் வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை.

"நீ சொல்லும்மா" என்றார் அந்த அம்மாள். "ஒரு கண்ணக் குடுத்திருக்கேன். நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

செல்வராணி இவரைப் பார்த்தாள். இவர் கட்டிலடியில் இருந்த பிளாஸ்க்கைக் குனிந்து எடுத்துக்கொண்டார். அதில் வெந்நீர் இருந்தது, நான் வந்தபோதுதான் நிரப்பினேன். எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் காலடிச் சத்தம் தூரம் போகும்வரை செல்வராணி காத்திருந்தாள். பிறகு அந்த அம்மாளின் காதருகே குனிந்து சொன்னாள். ஊர், தெரு, எந்த வீட்டில் வேலை, எந்தக் கதவு எப்போது பூட்டியிருக்கும் என்பது வரைக்கும் நிதானமாகச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அங்க சாப்பாடெல்லாம் நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லாருக்குங்கக்கா."

நாங்கள் வெளியே வந்தபோது இவர் வராந்தாவின் கடைசியில், மாடிப்படி திரும்பும் இடத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். செல்வராணி அவரிடம் ஏதோ சொல்லப் போனாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லி முடிச்சாச்சாங்க?"

"முடிச்சாச்சு சார்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு பிளாஸ்க்கோடு உள்ளே போனார்.